அகதிக்கு என்னங்க உரிமை? எங்கள் பெயிண்ட் கடை பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகிற ரோட்டில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை. பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, அங்கிருந்து வரும் பெயிண்டர்கள் பத்துப் பதினைந்து பேர் எனக்கு வாடிக்கை. கடை முன்னால் ஒரு பெஞ்ச் கிடக்கிறது. கலர் மிஷின் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருக்கிறவர்கள், டீ குடிக்க வருகிறவர்கள், என் பங்காளிகள், மாமா, மச்சான் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பெயிண்டர்கள் எதிரில் இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவர்கள் வண்டி வளைவு திரும்பியதும் ஆரம்பிக்கும். நான் வக்கீல் இல்லை. இருபது வருஷமாக இந்த ஆட்களோடு பழகியதிலும், பதில் சொல்ல முடியாமல் முழித்த பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் போனில் அனுப்பிவிட்டு நான் பில் போடப் போய்விடலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அகதின்னா யாரு? திருப்பூருக்கு வேலைக்கு வர்ற வடக்கத்திப் பசங்களும் அகதிதானுங்களே?

இல்லைங்க. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வருகிற பையன் பிழைப்புக்கு வருகிறான், அவனும் நம்மைப்போல இந்தியக் குடிமகன். சத் பூஜை வந்தால் ரயில் படியில் தொங்கிக்கொண்டாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். நேபாளத்திலிருந்து பேக்கரி வேலைக்கு வருகிறவர் வெளிநாட்டுக்காரர், ஆனால் அவரும் அகதி கிடையாது. ஊரில் இருந்தால் உயிருக்கு ஆபத்து, அங்கிருக்கிற அரசாங்கம் காப்பாற்றாது, பல நேரம் அடிப்பதே அந்த அரசாங்கம்தான் என்ற நிலையில் எல்லை தாண்டி ஓடி வந்தவர்தான் அகதி. 1951இல் ஜெனீவாவில் ஏற்படுத்திய அகதிகள் உடன்படிக்கை இதை இன்னும் இறுக்கிச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமான காரணத்தோடு அஞ்சுகிறவர். வறுமை அந்தப் பட்டியலில் இல்லை.

திருப்பூர்ப் பக்கம் போலி ஆதாரோடு பங்களாதேஷ்காரர்கள் பிடிபட்டார்கள் என்று அவ்வப்போது பேப்பரில் வருகிறதே, அவர்கள்? பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர்களாகத்தான் இருக்கும், திருப்பி அனுப்ப அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் பிடிபட்ட பத்துப் பேரில் ஒருவன், "ஐயா, என்னை அங்கே அனுப்பினால் கொன்றுபோடுவார்கள்" என்று சொன்னால், அவன் சொல்வது உண்மையா பொய்யா என்று உட்கார்ந்து கேட்ட பிறகே வண்டி ஏற்ற வேண்டும். நான் மல்லுக்கு நிற்பது இந்த ஒன்றுக்காகத்தான்.

புகலிடம் கேக்கறது உரிமைங்கிறீங்க. வந்தவனுக்கெல்லாம் இடம் கொடுத்தே ஆகணும்னா எப்படிங்க?

அப்படி யாரும் சொல்லவில்லை, இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறதல்லவா? நீங்கள் பட்டா கேட்டு மனு கொடுக்கிறீர்கள். பட்டா கிடைத்தே தீரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் மனுவை வாங்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், மனு நிலுவையில் இருக்கும்போது புல்டோசரைக் கொண்டுவந்து வீட்டை இடிக்கக் கூடாது. அகதியின் உரிமையும் கிட்டத்தட்ட அதுதான். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆவது பிரிவு, துன்புறுத்தலிலிருந்து தப்பி வேறு நாடுகளில் புகலிடம் தேடவும் அதை அனுபவிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. 1951 உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, ஆபத்து இருக்கிற இடத்துக்கே ஆளைத் திருப்பித் தள்ளக் கூடாது என்கிறது. விசாரித்துப் பார்த்துப் பொய் என்று தெரிந்தால் மறுக்கலாம், திருப்பி அனுப்பலாம். கதவைத் தட்டினால் யார் என்று கேட்டே ஆக வேண்டும், கேட்காமலேயே நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

சரி, முறையா விசா எடுத்து வந்தா என்ன? எதுக்குக் கள்ளத்தோணி?

என் பெரிய மச்சான் கேட்ட கேள்வி இது. அவர் பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போக விசாவுக்கு ஆறு மாசம் அலைந்தவர். அவரிடம் திருப்பிக் கேட்டேன், கொலை மிரட்டல் இருக்கிறவன் ஆறு மாசம் எங்கே உட்கார்ந்திருப்பான்? யாருக்குப் பயந்து ஓடுகிறானோ அவனிடமே போய்ப் பாஸ்போர்ட் கேட்பானா? அகதியாக வரப் போகிறேன் என்று சொல்லி எடுக்கிற மாதிரி விசா பெரும்பாலான நாடுகளில் கிடையவே கிடையாது. இதைத் தெரிந்துதான் 1951 உடன்படிக்கையின் 31ஆவது பிரிவில், ஆபத்திலிருந்து நேராக ஓடி வந்தவரை அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது, அவர் தாமதமில்லாமல் அதிகாரிகள் முன் வந்து காரணத்தைச் சொன்னால் போதும் என்று எழுதினார்கள்.

முகாமில் ஒரு பாட்டி இருக்கிறார், எங்கள் கடைக்கு வரும் ஒரு பெயிண்டரின் தாயார். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர். படகுக்காரன் நடு ராத்திரியில் தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, விடிந்ததும் ஆள் வரும் என்று சொல்லிப் போய்விட்டான். விடிந்தது. ஆள் வரவில்லை. நிழல் என்று சொல்ல அந்தத் திட்டில் ஒரு செடி கிடையாது. நான்கு பிள்ளைகளைச் சுற்றிலும் உட்கார வைத்து, ஒரே சேலையை நால்வர் தலைக்கும் மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றாராம். "கை மரத்துப் போச்சுது தம்பி, பிறகு பிடிச்சிருக்கிறனா விட்டிட்டனா எண்டே தெரியேல்ல" என்றார். இந்த அம்மாவிடம் போய் முறைப்படி ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது.

இன்னொன்று, கள்ளத்தோணி என்ற சொல்லே இலங்கையில் மலையகத் தமிழர்களைக் குத்திக் காட்டப் பயன்படுத்திய வசைச்சொல். அதைக் கொஞ்சம் பார்த்துப் பேசலாம்.

இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடலியே. அப்புறம் நமக்கென்ன வந்தது?

உண்மைதான். 1951 உடன்படிக்கையிலும் இந்தியா இல்லை, அதை உலகம் முழுவதற்கும் விரித்த 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் நம்மிடம் கிடையாது. ரொம்ப காலம் 1946ஆம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம்தான் எல்லாருக்கும். சுற்றுலா வந்து விசா முடிந்த பிறகும் தங்கிவிட்ட ஆளும், குண்டுக்குத் தப்பி வந்த கைக்குழந்தைக்காரியும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். 2025இல் அந்தச் சட்டம் போய்ப் புதிதாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்தது, அதிலும் அகதி என்று ஒரு வகை இல்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் ஆகிவிடாது. அரசியலமைப்பின் 14, 21 ஆகிய இரண்டு பிரிவுகளும் குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை, எந்த நபருக்கும் என்று இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக வந்து தங்கியிருந்த சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது, 1996இல் உச்ச நீதிமன்றம், குடிமகனோ இல்லையோ ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாமை 21ஆவது பிரிவுக்குள்ளேயே அடங்கும் என்ற அளவுக்குக் குஜராத் உயர் நீதிமன்றம் 1990களின் கடைசியில் போனது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979இலேயே இந்தியா சேர்ந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெஞ்சில் யாராவது மடக்குவார்கள். எல்லா நீதிபதிகளும் இப்படிப் பார்ப்பதில்லை. குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்று 19ஆவது பிரிவைக் காட்டி மறுத்ததும் உண்டு. ஆக, நம் நாட்டில் ஓர் அகதியின் பாதுகாப்பு, அவர் எந்த நாட்டுக்காரர், எந்த வருஷம் வந்தார், டில்லியில் அன்றைக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்தது. 2025இல் வந்த ஓர் உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. நல்லதுதான், பல பேருக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் ஒரு தேதி தள்ளி வந்தவர்? பதிவு விட்டுப் போனவர்? பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுகிற கதைதான் இது. இலை போட்டவன் நினைத்தால் இலையை எடுக்கவும் முடியும். தயவு ஒன்று, உரிமை ஒன்று. நாற்பது வருஷமாக இவர்களுக்கு நாம் கொடுத்துக்கொண்டிருப்பது தயவு.

140 கோடிப் பேர் இருக்கோம். நாம என்ன சத்திரமா நடத்தறோம்?

இந்தக் கேள்வி பெஞ்சுக்கு வந்ததே கோர்ட்டிலிருந்துதான். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு ஏறக்குறைய இதையே கேட்டது, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இது தர்மசத்திரமா என்று. அந்த வாரம் முழுக்க என் கடையில் அதே பேச்சு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்கள், அவற்றில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு இருப்பவர்கள் 34,087. இரண்டையும் கூட்டினாலும் ஒரு லட்சம் வரவில்லை. ஏழு கோடிக்கும் மேல் இருக்கிற மாநிலத்தில் இது எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், என் கால்குலேட்டரில் புள்ளிக்குப் பிறகுதான் எண் வருகிறது. உலகக் கணக்கும் அப்படித்தான். 2024 முடிவில் உலகம் முழுக்க வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் அமைப்பு. அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறிக் கிடக்கிறார்கள், எல்லையைக்கூடத் தாண்டவில்லை. தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அடுத்த நாட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் இங்கே வந்தார்கள். அன்று நாம் இன்றைவிடப் பல மடங்கு ஏழை.

அடுத்தது, சத்திரம் எப்போதுங்க கெட்ட வார்த்தையானது? இந்தப் பக்கம் எந்தப் பழைய பாதையில் போனாலும் ஒரு சுமைதாங்கிக் கல், ஒரு கிணறு, ஒரு சத்திரம் இருந்திருக்கும். ஒட்டன்சத்திரம் என்று ஊருக்கே பேர் வைத்தவர்கள் நாம். வழிப்போக்கன் யார், எந்த ஊர் என்று கேட்காமல் திண்ணை கொடுத்த ஊர்க்காரர்கள் இன்றைக்குச் சத்திரம் என்பதைத் திட்டாகப் பேசுகிறோம். நானோ சத்திரம்கூடக் கேட்கவில்லை, விசாரித்துவிட்டு அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன்.

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. போர் 2009லயே முடிஞ்சுதே, ஏன் இன்னும் போகலை?

ஒரம்பறை, அதுதான் விருந்தாளி, மூன்று நாளில் கிளம்புவது அவருக்கு ஒரு வீடு இருப்பதால். போனவர்கள் இருக்கிறார்கள், ஐ.நா. அமைப்பின் உதவியோடு ஆயிரக்கணக்கில் திரும்பியிருக்கிறார்கள். போகாதவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். காணி ராணுவத்தின் கையில் இருக்கிறது என்பார் ஒருவர். பத்திரமே எரிந்துபோயிற்று, எந்தக் காணி என்று எதைக் காட்டுவேன் என்பார் இன்னொருவர். காணாமல் போன அண்ணனைப் பற்றி இன்னும் பதில் வராத ஊருக்கு எப்படிப் போவது என்று ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. 2025இல் ஐ.நா. அமைப்பின் ஏற்பாட்டில் முறையாகத் திரும்பிப் போன ஒரு முதியவரையே யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் பிடித்துக் காவலில் வைத்தார்கள், அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காக. அந்தச் செய்தி முகாமுக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முகாம்களில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்கள் கதை நம் கொங்குக்காரர்களுக்கு ரொம்பப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணி ஆள் பிடித்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனது பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களை. இன்றைய கரூரில் ஒரு பகுதி அன்று திருச்சி ஜில்லா, நாமக்கல் பெரும்பாலும் சேலம் ஜில்லா. அங்கே மலையை வெட்டித் தேயிலை வைத்த இந்த மக்களை 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், டான்டீ, போட்டது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் இன்றும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அப்போது வராமல், கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இறங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்கள் பல பேர் 1983க்குப் பிறகு படகேறி இங்கே வந்தார்கள். கரூர் ராயனூர் முகாமிலோ நாமக்கல் பரமத்தி முகாமிலோ அப்படி ஒருவர் இருந்தால், தாத்தா புறப்பட்ட ஊருக்கு இருபது மைல் தள்ளிப் பேரன் அகதி. இவரை எந்த ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்வது?

பவானிசாகர் அணையில் தண்ணீர் நன்றாக வற்றினால், அணை கட்டியபோது மூழ்கிப்போன டணாயக்கன்கோட்டைக் கோயில் தலைகாட்டும், நாம் எல்லாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அங்கிருந்து எழுந்து வந்த வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுக்காவது போய்ப் பார்க்க முடிகிறது.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. 1992இல் அகதிகளைக் கப்பலேற்றி அனுப்பியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொருவரிடமும் விருப்பம் கேட்டுச் சரிபார்க்கும் வேலை ஐ.நா. அகதிகள் அமைப்புக்கு வந்தது.

முகாம்ல எல்லாம் இலவசம்தானே? பணம், அரிசி, வீடு எல்லாம் கொடுக்கறாங்களே.

2021இல் உயர்த்திய பிறகு மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்குத் தலைக்கு 1,000, குழந்தைக்கு 500. என் கடையில் சுமாரான எமல்ஷன் இருபது லிட்டர் வாளி ஒன்று 1,500க்கு வராது. அதே வருஷம் 7,469 புது வீடுகள் கட்டவும் அறிவித்தார்கள், பல முகாம்களில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் பத்துக்குப் பத்து அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூன்று தலைமுறை சேலை மறைப்புக் கட்டிப் படுத்த குடும்பங்களை எனக்கே தெரியும்.

ஆனால் சோறு பிரச்சினை இல்லைங்க. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள், இந்த ஜில்லாவில் பாதி வீட்டுச் சுவர் அவர்கள் பட்டி பார்த்ததுதான். பிரச்சினை வேறு. போன தை மாதம் கோபியில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பெயிண்டர் தம்பி ரோலரைக் கழுவி வைத்துவிட்டு, "அண்ணா, நாளைக்குச் செக்கிங்" என்றார். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று பேர் கூப்பிட்டுச் சரிபார்ப்பது. தலை காட்டாவிட்டால் அந்த மாதப் பணமும் போகும், பேரும் கேள்விக்குறியாகும். வீட்டுக்காரருக்கோ கோபம், "என்ன தம்பி, ஜாமீன்ல வந்தவனாட்டம் கையெழுத்துப் போடப் போற?" என்று கேட்டுவிட்டார். தம்பி சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். முப்பத்திரண்டு வயசு, பிறந்தது இங்கே, படித்தது இங்கே அரசுப் பள்ளியில், நம்மைப் போலவே ஏனுங்க, ஆமாங்க என்று பேசுகிறவர். வீட்டில் அம்மாவோடு பேசும்போது மட்டும்தான் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்.

அப்போ இங்க பொறந்த பிள்ளைங்க இந்தியர் இல்லையா?

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கெடுபிடி: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். என் பெயிண்டர் தம்பி பிறந்தது 1993. கணக்கு அவ்வளவுதான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, எத்தனை கோயில் கட்டிக் கும்பிட்டாலும்.

தீவிரவாதி எவனாவது அகதி வேஷத்துல வந்துட்டா?

நியாயமான பயம். 1991 ஸ்ரீபெரும்புதூரை நாம் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. போர்க்குற்றம், கொலை போன்ற கடுங்குற்றம் செய்தவருக்கு அகதி என்ற பாதுகாப்பே கிடையாது என்று 1951 உடன்படிக்கையே சொல்கிறது, புகலிடம் கொடுத்த நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் 33ஆவது பிரிவைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. ஆனால் யார் அப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தால்தான் தெரியும். முறையான விசாரணை இல்லாத இடத்தில்தான் கெட்டவன் கூட்டத்தோடு கலந்து நுழைகிறான், நல்லவன் சந்தேகத்தில் மாட்டுகிறான். 1991க்குப் பிறகு முகாமில் இருந்த அத்தனை பேரும் பட்ட பாடு அதுதான். செய்தது சிலர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வரை தலை குனிந்து நடந்தது. ரேக்ளா வண்டி ஒன்று தடம் புரண்டது என்று சந்தையில் உள்ள மாட்டுக்கெல்லாம் கால் கட்டுப் போட்ட மாதிரி.

கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் பெரிய நாடு. அவங்க எடுத்துக்கட்டுமே?

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அங்கேயும் தானாக நடக்கவில்லை. 1985 ஏப்ரல் 4 அன்று கனடா உச்ச நீதிமன்றம், அகதி என்று சொல்லி வருகிறவரை நேரில் உட்கார வைத்து வாய்மொழியாகக் கேட்காமல் காகிதத்தைப் பார்த்தே நிராகரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போன சீக்கியர்கள், அதாவது நம் நாட்டுக்காரர்கள். அடுத்த வருஷம் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். இன்றைக்கு டொரண்டோவில் தமிழன் கொடி கட்டிப் பறக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் பெருமைப்படுகிறோமே, அதன் அடியில் அந்தத் தீர்ப்பும் அந்த மீனவர்களும் இருக்கிறார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் போய் இறங்கியபோது அதே கனடாவில் எதிர்ப்பும் இருந்தது, மாதக்கணக்கில் காவலிலும் வைத்தார்கள், ஆனாலும் ஆளாளுக்கு விசாரணை நடந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2021இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா என்று புறப்பட்ட ஒரு படகு இந்தியப் பெருங்கடல் நடுவில் பழுதாகி, பிரிட்டன் கையிலுள்ள டியேகோ கார்சியா தீவில் கரையேறியது. அவர்களைக் கூடாரங்களில் அடைத்து வேலி போட்டு மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில்தான், அது சட்டவிரோதக் காவல் என்று அந்தத் தீவுக்கான நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் ஊரில் உயிருக்கு ஆபத்து இல்லாதபோதும் ஒரு மனிதன் ஏன் இப்படிப் படகேறுகிறான் என்று யோசித்தால், மேலே சொன்ன செக்கிங் கதைக்கே திரும்பி வருவோம்.

நம்ம தமிழன்னா சரி. ரோஹிங்யாவுக்கு எதுக்குங்க?

இதைக் கேட்டவர் என் சொந்த மாமா, முகாம் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவர். அவருக்கு எதிரில் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

மாமா, இன்றைக்கு ரோஹிங்யா முஸ்லிம்களை விரட்டுகிற பர்மாவிலிருந்துதான் 1942இல் நம் ஆட்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1962க்குப் பிறகு தளபதி நெ வின்னின் ராணுவ ஆட்சி கடை கண்ணிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு மீதிப் பேரையும் துரத்தியது. சென்னை பர்மா பஜார் அவர்கள் போட்டதுதான். அதே நாடு 1982இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து ரோஹிங்யாக்களை நாடற்றவர்கள் ஆக்கியது, இலங்கை 1948இல் மலையகத் தமிழருக்குச் செய்த அதே வேலை. 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். நம் ஆளுக்கு வலித்ததைத்தான் அவர்களுக்கும் செய்திருக்கிறார்கள். மொழி ஒன்று என்பதால் காப்பாற்றுவது பாசம், நல்ல விஷயம், இருக்கட்டும். ஊட்டியில் திபெத்காரர்கள் கடையில் போன டிசம்பரில் உங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கினோமே, அவர்கள் நமக்கு என்ன சொந்தம்? தலாய் லாமா 1959இல் வந்தபோது சாமி எது, மொழி எது என்று பார்த்தா இடம் கொடுத்தார்கள்?

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சரி, என்னால என்ன ஆகும்?

நிறைய. வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் முகாம்காரர் என்றதும் கதவைச் சாத்தாதீர்கள். மற்ற பெயிண்டருக்கு என்ன கூலியோ அதையே கொடுங்கள், ஐம்பது ரூபாய் பிடிக்காதீர்கள், கேட்க நாதியில்லை என்பதால் பிடிக்கிறோம் என்பது நமக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அகதிப் பையன் என்று அடையாளம் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது காகிதச் சிக்கல், வழக்கு என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அந்த ஆணைக்குழுவுக்கான 1987 சட்டத்தின் 12ஆவது பிரிவில் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, குடிமகனாக இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

அந்தக் கோபி வீடு என்னாச்சுங்க?

இதுதான் எல்லாரும் கடைசியில் கேட்பது. சனிக்கிழமை செக்கிங் முடிந்து மூன்று மணிக்கெல்லாம் தம்பி வந்துவிட்டார், கூடவே முகாமிலிருந்து இன்னும் இரண்டு பேர். ராத்திரி பதினொரு மணி வரை பூஜை ரூமும் முன் வாசலும் முடித்தார்கள். வாசல் கேட்டுக்கு எனாமல் போதவில்லை என்று கடையைத் திறக்கச் சொல்லிப் போன் வந்தது, பைஜாமாவோடு போய் அரை லிட்டர் எடுத்துக் கொடுத்தேன். இந்த மாதம் செக்கிங் வியாழக்கிழமையாம். புளியம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம் ஒப்புக்கொண்டிருக்கிறார், புதன்கிழமைக்குள் இரண்டாவது கோட் முடிக்க வேண்டும் என்று காலையில்தான் ரோலர் இரண்டு வாங்கிப் போனார்.